பாதரசம் சொன்னா சொன்னதுதான்

அன்னிக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போனது ஒரு மூக்குக்கண்ணாடியக் கொடுக்கத்தான்.

பிரிக்ஃபீல்ட்ஸ்ல எங்க பக்கத்து வீடு ஞானம்மா சிஸ்டர். நர்சு வேலைக்குப் படிக்கிற பொண்ணுங்களுக்கு ஆஸ்பத்திரியில பாடம் சொல்லிக் கொடுக்கிறவங்க. அன்னிக்கு அவங்களுக்கே பரீட்சை. எப்படிப் பாடம் நடத்துறாங்கன்னு பெரிய தொரை டாக்டர் வந்து உட்கார்ந்து பார்க்கப் போறார். அவருக்குத் திருப்தி இல்லேன்னா வாத்தியார் வேலை போச்சு, பழையபடி வார்டுதான். அந்தப் பதட்டத்துல கண்ணாடிய வீட்டுலயே வச்சிட்டுப் போயிட்டாங்க.

"ஓடுங்க"ன்னு என் வீட்டுக்காரி என்னைத் துரத்தினா.

ஓடினேன். ஆஸ்பத்திரி வாசல்ல காப்பிக்கடை. ஓடின களைப்புக்கு ஆவி பறக்க ஒரு காப்பி, ஒரே மூச்சுல குடிச்சேன். அங்கதான் என் கிரகம் ஆரம்பிச்சது.

உள்ள போய்க் கண்ணாடியக் கொடுத்தா, சிஸ்டர் முகத்துல ஈயாடல. நோயாளியா நடிக்க வர வேண்டிய ஆளு நெஜமாவே உடம்பு சரியில்லைன்னு வரலையாம். சும்மா படுங்க தம்பி, பொண்ணுங்க நாடி பார்ப்பாங்க, கட்டுப் போடுவாங்க, அவ்வளவுதான்னு கெஞ்சினாங்க. படுக்கிறதுல எனக்கு நல்ல அனுபவம் உண்டு. படுத்தேன்.

தொரை வந்து மூலையில உட்கார்ந்தார். பாக்கியம்னு ஒரு பொண்ணு என் வாயில தெர்மாமீட்டரச் சொருகினா. எடுத்துப் பார்த்ததும் முகம் மாறிடுச்சு.

"நூத்தி மூணு, சிஸ்டர்."

எனக்கு ஒண்ணும் இல்லம்மான்னேன். காய்ச்சல் ஏறினவங்க அப்படித்தான் பேசுவாங்கன்னா. சுடச்சுட காப்பி குடிச்சேன்னு சொன்னேன். உளறவும் ஆரம்பிச்சிட்டார்னு பக்கத்துல இருந்தவகிட்ட சொன்னா. எழுந்திரிக்கப் பார்த்தேன். எல்லாருமா சேர்ந்து அமுக்கி, கம்பளி போர்த்தி, நெத்தியில ஈரத்துணி போட்டாங்க.

சிஸ்டருக்கு வேர்த்துக் கொட்டுது. "விடுங்கம்மா, அவர் எங்க பக்கத்து வீட்டுக்காரர். நல்லாத்தான் இருக்கார்."

பாக்கியம் நகரல. "யார் சொன்னாலும், ஏன் நானே சொன்னாலும் நம்பாதீங்க, பாதரசம் சொன்னா சொன்னதுதான்னு நீங்கதானே சிஸ்டர் சொல்லிக் கொடுத்தீங்க?"

என் ஒரு காப்பியால ஒரு நல்ல மனுஷி வேலை போச்சேன்னு எனக்கு அழுகையே வந்துடுச்சு. கண்ணுல தண்ணி வருதுன்னு ஒருத்தி அதையும் குறிச்சுக்கிட்டா.

தொரை எழுந்தார். ரப்பர் தோட்டத்து ஆளுங்ககிட்ட பழகின தமிழ் அவருக்கு. "சிஸ்டர் சொல்லியும் கேக்கல. அப்ப ரொம்ப நல்லா படிச்சுக் குடுத்திருக்கு. சிஸ்டர் இங்கயே இருக்கணும்." சிஸ்டர் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுக்கிட்டாங்க.

தப்பிச்சோம்னு நானும் எழுந்தேன். பாக்கியம் மறுபடியும் தெர்மாமீட்டர் வச்சா. காய்ச்சலே இல்ல. பார்த்தியாம்மான்னேன்.

"விட்டு விட்டு வருது சிஸ்டர். மலேரியாவேதான்."

தொரை சிரிச்சுக்கிட்டே கொய்னா மருந்துக்கு உத்தரவு போட்டுட்டுப் போயிட்டார். அந்தக் கசப்பு இன்னும் நாக்குல இருக்கு. சாயங்காலம் வார்டுக்குக் கஞ்சியோட வந்த வீட்டுக்காரிகிட்ட, நான் நல்லாத்தான்டி இருக்கேன்னேன். "காய்ச்சல்காரங்க அப்படித்தான் பேசுவாங்களாமே"ன்னா.

அன்னையிலேருந்து காப்பிய நல்லா ஆத்தித்தான் குடிக்கிறேன்.