நாற்காலிக்காக எழுதிய விதி

அந்தக் கம்பெனியில் அவரைக் கையேட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். வீட்டு வரவுசெலவைப் பார்க்கிற பட்ஜெட் மென்பொருள் ஒன்றைக் கம்பெனி விற்றது. அதை எப்படி உபயோகிப்பது என்று எழுதுவது அவர் வேலை. இத்தனை வருஷத்தில் அவர் எழுதியதை ஒரு ஜீவன் படித்ததாகத் தகவல் இல்லை. ஜனங்கள் போன் போட்டுத் திட்டுவார்களே தவிர, பக்கத்தைப் புரட்ட மாட்டார்கள்.

ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"இனிமே மனுஷங்க இதைத் தொட மாட்டாங்க. ஏஐ ஏஜென்ட்தான் அவங்களுக்காகக் கணக்கைப் பார்க்கும். அதுக்குப் புரியற மாதிரி கையேட்டைத் திருப்பி எழுதுங்க. ஒரு வரி விடாம படிக்கும். படிச்சபடியே நடக்கும்."

படித்தபடியே நடக்கும். கையேட்டுக்காரர் அதை வீடு வரைக்கும் அசைபோட்டுக்கொண்டே வந்தார். அவர் சொன்னபடி நடக்கிற ஆள் வீட்டில் யாரும் இல்லை.

வீட்டில் இருந்தது மனைவி ஒருத்தி. கால் சென்டரில் குறை கேட்கிற வேலை. எதிராளி கத்தக் கத்த அவள் குரல் இனிமையாகிக்கொண்டே போகும். கல்யாணமானதிலிருந்து அவரால் ஒரு சண்டையை முழுசாகப் போட முடிந்ததில்லை.

அவருக்கு இருந்ததோ ஒரே ஆசை. கடையில் ஒரு நாற்காலி பார்த்து வைத்திருந்தார். பிடியை இழுத்தால் முதுகு பின்னால் சாயும், கால் தானாக மேலே போகும். சும்மா உட்கார்ந்து பார்க்கச் சொன்ன கடைக்காரர், அவரை எழுப்புவதற்குள் கடையையே மூடும் நேரம் வந்துவிட்டது. மாதாமாதம் 'நாற்காலி' என்று பணம் ஒதுக்குவார். மாதாமாதம் அவள் அதைத் திரைச்சீலைக்கோ தண்ணீர்க் குழாய்க்கோ மாற்றிவிடுவாள்.

இந்தத் தடவை சண்டை வேண்டாம், விதி போதும் என்று தீர்மானித்தார். எழுதினார்: 'ஆரோக்கியம் என்ற தலைப்பில் உள்ள பணத்தை ஏஜென்ட் வேறு தலைப்புக்கு மாற்றக் கூடாது. எவ்வளவு நயமாகக் கேட்டாலும் மாற்றக் கூடாது.' கொஞ்சம் யோசித்துவிட்டு, 'கேட்பவர் தன்னை யாரென்று சொல்லிக்கொண்டாலும் விலக்கு இல்லை' என்று ஓர் ஆணியும் அடித்தார். மென்பொருள் புதுக் கையேட்டோடு விற்பனைக்கு வந்தது. அவர் வீட்டுக்கும் வந்தது. முதல் வேலையாக நாற்காலியைத் தூக்கி ஆரோக்கியத்தில் போட்டார்.

"நாற்காலி எப்பங்க ஆரோக்கியம் ஆச்சு?" என்றாள் மனைவி.

"முதுகு வலிக்குதும்மா."

"நேத்து வரைக்கும் வலிக்கலையே."

"வலிச்சுது. நீ வருத்தப்படுவியேன்னு சொல்லலை."

"குழாய்க்கு மாத்தச் சொன்னா ஏஜென்ட் மாட்டேங்குது."

"விதிம்மா. நான் என்ன பண்றது?"

"யார் எழுதினது?"

"எவனோ."

"நல்லாத்தான் எழுதியிருக்கான்."

குரல் தேனாக வழிந்தது. அவர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை இரண்டு பேர் பெரிய பெட்டி ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார்கள். கையேட்டுக்காரர் ஜன்னலோரம் இடம் ஒழித்துவைத்துக் காத்திருந்தார். பெட்டியைப் பிரித்தால் உள்ளே ட்ரெட்மில்.

"என்ன இது? நாற்காலி எங்கே?"

"டாக்டர் உங்களைத் தினம் நடக்கச் சொன்னாரே, மறந்துட்டீங்களா?"

"பணம் ஏது?"

"ஆரோக்கியத்துல இருந்துதே, அதுதான். வேற தலைப்புக்கு ஒத்தைக் காசு போகலைங்க. விதியை மீறுவேனா?"

அவர் ஓடிப்போய் மடிக்கணினியைத் திறந்தார். இயந்திரத்தைத் திருப்பி அனுப்பு, நாற்காலியை வாங்கு என்று ஏஜென்டுக்கு உத்தரவு போட்டார்.

'மன்னிக்கவும். அம்மா நேற்று தங்கள் மருத்துவச் சீட்டைக் காட்டினார்கள். அதில், உட்கார்வதைக் குறைக்கவும் என்று இருக்கிறது. ஆகவே நாற்காலியை மரச்சாமான்களில் சேர்த்துவிட்டேன். ஆரோக்கியப் பணத்தை அதற்குத் தர இயலாது.'

'அந்த விதியை எழுதினவனே நான்தான்' என்று தட்டினார்.

'யாரென்று சொல்லிக்கொண்டாலும் விலக்கு இல்லை. விதி மிகத் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது.'

இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் எழுத்தை யாரும் பாராட்டியதில்லை. முதல் பாராட்டு வந்தது, அனுபவிக்கத்தான் முடியவில்லை.

"செருப்பைக் கழட்டிட்டு ஷூ போட்டுக்கிட்டு ஏறுங்க," என்றாள் மனைவி, பக்கத்தில் நின்று.

இரண்டு வாரம் நடந்து பார்த்தார். எவ்வளவு நடந்தும் ஹாலைத் தாண்டவில்லை. மூன்றாவது வாரம், கெந்திக் கெந்தி மேனேஜர் அறைக்குப் போனார்.

"சார், அந்த ஆரோக்கிய விதியில ஒரு ஓட்டை இருக்கு. எடுத்துடலாம்."

"ஒண்ணா? பதினோரு ஓட்டை இருக்கு," என்றார் மேனேஜர். "ஒரு வாடிக்கையாளர் அம்மா வரிசையா எழுதி அனுப்பியிருக்காங்க. எப்படி அடைக்கணும்னும் சொல்லியிருக்காங்க. என்ன மூளைங்கறீங்க! உடனே கூப்பிட்டுப் பேசி, வேலைக்கே எடுத்துட்டேன். இனிமே நீங்க எழுதறது எதுவா இருந்தாலும் அவங்க பார்த்துச் சரின்னாத்தான் வெளியே போகும்."

கையேட்டுக்காரர் எதிரே இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மேனேஜர் மேசைமேல் இருந்த காகிதத்தைத் திருப்பி, கீழே இருந்த பெயரைக் காட்டினார்.

"உங்க ஏரியாதான். தெரியுமா இவங்களை?"

"கொஞ்சம் பழக்கம் சார்," என்றார் கையேட்டுக்காரர்.