பதின்மூன்றாவது ஆள்

"பத்து, பதினொண்ணு, பன்னெண்டு..." என்று விரலை நீட்டித் தலைகளை எண்ணிக்கொண்டு வந்த கைடு, அருவியோரப் பாறைக்குப் பக்கத்தில் குனிந்திருந்த தலையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "பதிமூணு!"

குனிந்திருந்தவர் மும்முரமாக ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவர் காலில் இருந்ததோ ரப்பர் செருப்பு.

அவரைப் பள்ளிக்கூடத்தில் பூகோளம் வாத்தியார் என்றால்தான் தெரியும். அருவி, குகை, எரிமலை என்று உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பத்தொன்பது வருடமாகக் கரும்பலகையில் வரைந்து காட்டியவர். எதையும் நேரில் பார்த்தவர் இல்லை. போன மாதம் ஏழாம் வகுப்பில் சுண்ணாம்புக் குகை பாடம் நடந்துகொண்டிருந்தபோது, முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"சார், நீங்க குகைக்குள்ள போயிருக்கீங்களா?"

"பல தடவை."

"உள்ள எப்படி சார் இருக்கும்?"

"இருட்டா இருக்கும்."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவரை வீடு வரை துரத்திக்கொண்டு வந்தது. அதற்காகத்தான் மைத்துனனிடம் ஒரு முதுகுப்பையை இரவல் வாங்கி, இருப்பதிலேயே மலிவான ரயிலில் உட்கார்ந்தபடியே தூங்கி, இந்தச் சின்ன ஊரில் இறங்கி, ஸ்டேஷன் குழாயில் முகம் கழுவி, டவுன் பஸ்ஸின் கடைசி நிறுத்தத்திலிருந்து நடந்தே மலையேறி வந்திருந்தார். வந்து பார்த்தால் குகை வாசலில் ஒரு பலகை: 'கைடுடன் வரும் குழுவினருக்கு மட்டுமே அனுமதி.' தனியாக ஒரு கைடு வைத்துக்கொள்வது என்றால் ஆகும் செலவில் அவர் இன்னொரு முறை பிறந்து வளர்ந்துவிடலாம். சாயங்காலம் ரயில். காலையில் முதல் பீரியடு அதே ஏழாம் வகுப்பு.

அந்த நேரம் பார்த்து ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து சிவப்புத் தொப்பியும் கழுத்தில் விசிலுமாக ஒரு கைடு இறங்க, பின்னாலேயே ஒரு கூட்டம் இறங்கியது. கல்யாணம் நிச்சயமான இரண்டு குடும்பங்கள். பெண் வீட்டில் ஆறு பேர், பிள்ளை வீட்டில் ஆறு பேர். ஒருவரோடு ஒருவர் பழகட்டும் என்று சேர்ந்து கிளம்பியிருந்தார்கள். பழக்கம் இன்னும் வந்தபாடில்லை, மரியாதை மட்டும் வழிந்துகொண்டிருந்தது. யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்டால் எதிர்ப்பக்கம் தப்பாக எடுத்துக்கொள்ளுமோ என்று, இரண்டு பக்கமும் தெரியாத முகத்துக்கெல்லாம் ஒரு சிரிப்பைச் சிரித்து வைத்தன. கைடு முதலில் அருவிப்பக்கம் நடந்தார். வாத்தியார் கடைசி ஆளாக ஒட்டிக்கொண்டார். குகைக்குள் போய் வரும் வரை யாரும் கேட்காமல் இருந்தால் போதும் என்பதுதான் அவர் வேண்டுதல்.

முதல் அருவியிலேயே கேட்டுவிட்டார்கள்.

"சார், நீங்க எந்தப் பக்கம்?" என்றார் கைடு.

வாத்தியார் வாய் திறப்பதற்குள் பெண்ணின் அம்மா குறுக்கே வந்துவிட்டார். "என்னங்க நீங்க, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரப் போய் இப்படியா கேக்கறது? நீங்க செருப்ப மாட்டுங்க சம்பந்தி, மெதுவாப் போலாம்."

"ஓ... அப்ப என்னையும் சேத்து எண்ணிட்டேன் போல" என்று கைடு தொப்பியைச் சரி செய்துகொண்டு நகர்ந்தார்.

வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் உட்காருவதற்குள் பிள்ளையின் அப்பா தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றார்.

"நீங்க பொண்ணுக்குத் தாய்மாமாதானே? காலையிலேயே பேசணும்னு நெனச்சேன், கண்ணுலயே படல."

வாத்தியாரின் தலை தானாக ஆடியது. பத்தொன்பது வருடம் தலைமையாசிரியருக்கு ஆடிப் பழகிய தலை அது, அவரைக் கேட்டுக்கொண்டு ஆடுவதில்லை.

அங்கே கைடு விசில் ஊதி விளக்க ஆரம்பித்தார். "இந்த அருவி எரிமலை வெடிச்சப்ப உண்டானது. தண்ணிய இப்பத் தொட்டாக்கூட லேசா சூடு தெரியும்!"

எல்லாரும் தொட்டுப் பார்த்து, "ஆமாமா, தெரியுது" என்றார்கள். தண்ணீர் பல்லைக் கிட்டவைக்கும் குளிர். இந்தப் பக்கம் எரிமலை இருந்ததற்கான தடயமே கிடையாது என்பது வாத்தியாருக்குத் தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டார். குகை முக்கியம்.

குகை வாசலில் காவலாளி, "கைடு யாரு?" என்று கேட்டார். சிவப்புத் தொப்பி கையைத் தூக்கியது. கதவு திறந்தது. வாத்தியார் கும்பலுக்கு நடுவில் புகுந்து உள்ளே போய்விட்டார்.

உள்ளே இருட்டாகத்தான் இருந்தது. அந்த மட்டில் அவர் ஏழாம் வகுப்புக்குப் பொய் சொல்லவில்லை. கண் பழகியதும்தான் தெரிந்தது: மேலிருந்து நூறு நூறாகக் கற்கள் தொங்கின, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டு நீர் விழலாமா வேண்டாமா என்று நின்றது. பத்தொன்பது வருடமாக இவற்றை வெறும் முக்கோணமாக வரைந்திருக்கிறார். வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. இருட்டு என்பதால் துடைக்கக்கூட இல்லை.

"இங்க தொங்கறதெல்லாம் மரத்தோட வேரு!" என்று கைடு டார்ச்சை அடித்தார். "குகைக்குள்ள குளிர் தாங்காம அப்படியே கல்லாயிடுச்சு."

அருவியைப் பொறுத்தவர் இதைப் பொறுக்கவில்லை. "வேரா? யாருங்க சொன்னது வேருன்னு? சுண்ணாம்புக் கல்லு! மேலேருந்து சொட்டற தண்ணியில சுண்ணாம்பு இருக்கு. சொட்டுச் சொட்டாப் படிஞ்சு, ஒரு விரல் அகலம் வளர நூறு வருஷத்துக்கு மேல ஆகும்!"

பன்னிரண்டு பேரும் திரும்பினார்கள். கைடு அவரை ஓரமாக இழுத்துப் போனார்.

"சார், உங்களுக்கும் எனக்கும் வாய்க்கா வரப்புத் தகராறா? ஏன் சார் என் பொழப்புல மண்ணள்ளிப் போடறீங்க?"

"மன்னிச்சுக்குங்க. இனி வாயே திறக்கல."

ஆனால் அதற்குள் இரண்டு குடும்பத்துக்கும் அவர் மேல் மதிப்பு வந்துவிட்டது. அதுதான் வினையாயிற்று. பெண்ணின் அம்மா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"படிச்சவரு நீங்க, பொய் சொல்ல மாட்டீங்க. பையனுக்குக் கோவம் வருமா?"

வாத்தியாரின் கண் முழுவதும் ஒரு சொட்டின் மேல் இருந்தது. அது விழுவதைப் பார்க்க வேண்டும், அந்த அம்மாள் போனால் தேவலை. எதையாவது சொல்லி அனுப்பிவிடலாம் என்று நினைத்தார். "வரும். வந்தா ரெண்டு நாள் பேச்சு வார்த்தை கிடையாது."

அந்த அம்மாள் போய்விட்டார். சொட்டும் விழுந்துவிட்டது. அடுத்த சொட்டுக்குக் காத்திருந்தபோது பிள்ளையின் அப்பா வந்தார்.

"உங்க வீட்டுப் பொண்ணு, மாமா நீங்க சொன்னா சரியா இருக்கும். பிடிவாதம் உண்டா?"

"உண்டு. நெனச்சத முடிக்காம விடாது. நாமதான் விட்டுக் குடுத்துப் போகணும்."

ஏரிக்கரைக்கு வந்து சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்தபோது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கைடு மட்டும் இரண்டு பொட்டலத்தை முடித்துவிட்டு மூன்றாவதைத் திறந்தார்.

"எங்களுக்குப் பசிக்கல" என்றார் பெண்ணின் அம்மா. "கோவம் வந்தா ரெண்டு நாள் பேசாத வீட்டுக்கு எங்க பொண்ணு எப்படி வாழப் போறாளோன்னு வயிறு நெறஞ்சு கிடக்கு."

"யாரு சொன்னா?" என்றார் பிள்ளையின் அப்பா.

"உங்க வீட்டுப் பெரியவருதான்."

"பொண்ணு பிடிவாதக்காரி, நாங்கதான் விட்டுக் குடுத்துப் போகணும்னு உங்க வீட்டுத் தாய்மாமாவே சொல்றாரு. அதுக்கு நாங்க என்ன சொல்றது?"

"வேனத் திருப்பச் சொல்லுங்க. இந்தக் கல்யாணமே வேண்டாம்!"

"நாங்க மட்டும் ஏங்கிப் போயா கிடக்கோம்?"

வாத்தியார் பின்வாங்கினார். அவருக்கு நேர் பின்னால் பஸ் நிறுத்தத்துக்குப் போகும் பாதை. குகையைப் பார்த்தாகிவிட்டது. பையை மாட்டிக்கொண்டு நடந்தால் ரயில் கிடைக்கும், ஒருவர் கண்ணிலும் படமாட்டார். நாலு எட்டு வைத்தும்விட்டார்.

அப்போது கல்யாணப் பெண் தனியாக ஏரியைப் பார்த்தபடி நிற்பது தெரிந்தது. தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளி மாப்பிள்ளை, பக்கத்தில் போகலாமா கூடாதா என்று தெரியாமல் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். வாத்தியார் பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"நான் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரும் இல்ல, பொண்ணுக்கு மாமாவும் இல்ல" என்றார். "ஏழாங்கிளாஸ் வாத்தியார். குகையப் பாக்கணும்னு உங்க கூட்டத்துல ஒட்டிக்கிட்டு வந்தேன்."

பெஞ்சுப் பெண்ணிலிருந்து ரப்பர் செருப்பு வரை ஒன்று விடாமல் சொன்னார்.

முதலில் மாப்பிள்ளைதான் பேசினான். "அப்ப ரெண்டு நாள் பேச மாட்டேன்னு சொன்னது?"

"அது என் மச்சான்."

"பிடிவாதம்?"

"அது வீட்ல."

பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். "ஆனா எனக்கும் பிடிவாதம் உண்டுதான்" என்றாள். மாப்பிள்ளை பாட்டிலை நீட்டி, "எனக்கும் கோவம் வரும். ஆனா ரெண்டு நாள்லாம் தாங்காது" என்றான். பிள்ளையின் அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேற, பெண்ணின் அம்மாவே தலையில் தட்டும்படி ஆயிற்று. நாள் முழுக்க வராத பழக்கம் அந்த ஒரு தட்டில் வந்துவிட்டது.

கைடு மட்டும் மசியவில்லை. மூன்றாவது பொட்டலத்தை வைத்துவிட்டுக் கை கழுவி எழுந்தார்.

"நீங்கள்லாம் சிரிக்கறீங்க. எனக்கு மனசு ஆறல. ஒரு வாத்தியார், நாலு பிள்ளைங்களுக்கு நல்லது சொல்றவரு, உறவுன்னு சொல்லி ஓசியில சுத்திப் பாக்கலாமா? அடுத்தவங்க நம்பிக்கைய வெச்சு விளையாடலாமா?"

"தப்புதாங்க" என்றார் வாத்தியார். "எல்லாரையும் விட உங்ககிட்டதான் மன்னிப்புக் கேக்கணும். உங்க தொழிலுக்கே துரோகம் பண்ணிட்டேன்."

"சரி சரி. இனிமேலாவது நேர்மையா இருங்க" என்று கைடு பெரிய மனது பண்ணினார்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது, வேனிலேயே ஸ்டேஷனில் இறக்கிவிடுவோம் என்று பிள்ளையின் அப்பா சொல்ல, எல்லாரும் ஏறினார்கள். வாத்தியாருக்கு முன் சீட்டைக் காட்டினார்கள். அவர் பதறிப்போனார்.

"அய்யய்யோ, அது கைடு உக்கார்ற எடம். நான் கீழ உக்காந்துக்கறேன்."

வேன் ஓட்டுநர் சாவியைத் திருகப் போன கையை அப்படியே நிறுத்திவிட்டு, சிவப்புத் தொப்பியை ஏற இறங்கப் பார்த்தார்.

"கைடா? காலையில வண்டியில ஏறும்போது பொண்ணுக்குப் பெரியப்பான்னு சொன்னாருங்களே!"