நாற்பத்தாறு பேருக்கு நெட் இல்லை

எண்டர் பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள்ளேயே பெங்குவினுக்குத் தெரிந்துவிட்டது, தப்பு நடந்துவிட்டது என்று.

திரையில் கர்சர் துடிப்பதை நிறுத்தியிருந்தது. இன்னொரு முறை தட்டினார். மூன்றாம் முறை பலமாகத் தட்டினார், மெஷின் பயந்துகொள்ளும் என்பதுபோல. ஒன்றும் அசையவில்லை.

மருந்துக்கு அட்டைப்பெட்டி செய்யும் அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர்களையும் நெட்டையும் கட்டி மேய்ப்பவர் அவர் ஒருவர்தான். விலை கொடுத்து வாங்கும் எதையும் உள்ளே விடாமல், யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம், பிரித்துப் பார்க்கலாம் என்று உலகமே கூடி எழுதி வைத்திருக்கும் லினக்ஸைக் கொண்டே பதினான்கு வருடமாக எல்லாவற்றையும் நடத்திவந்தார். லினக்ஸுக்குச் சின்னம் பெங்குவின். அது அவருடைய பையில், தண்ணீர் பாட்டிலில், ஹெல்மெட்டின் பின்பக்கத்தில் எல்லாம் ஒட்டியிருக்கும். போதாததற்கு நடையும் கொஞ்சம் அப்படித்தான். பட்டப்பெயர் வைத்தவர்களுக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

காலையில் எங்கோ படித்த ஒரு எச்சரிக்கையை நம்பி, ஆபீஸ் நெட்டுக்குக் காவல் நிற்கும் மெஷினில் இரண்டு வரி எழுதப் போயிருந்தார். ‘என்னை விடு’ என்பது ஒரு வரி. ‘மற்ற எல்லாரையும் தடு’ என்பது அடுத்த வரி. கை முந்திக்கொண்டு தடுக்கச் சொல்லும் வரியை முதலில் எழுதிவிட்டது. சொன்ன சொல் தட்டாத மெஷின் அது. எழுதியவரையும் சேர்த்துத் தடுத்தது.

மணி பதினொன்று. வேறு எந்த நாளாக இருந்தாலும் சமாளித்துவிடுவார். இன்றைக்கு நாலு மணிக்குப் பெரியவரைப் பார்க்க ஒரு ஆள் வருகிறான் என்று வரவேற்பு மேஜை நோட்டில் எழுதியிருந்தது. பெரியவர் என்றால் முதலாளி. வருகிறவன் கறுப்புப் பெட்டி விற்கும் கம்பெனிக்காரன். ‘இதை மாட்டினால் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆள் வேண்டாம்’ என்பது அந்தப் பெட்டியின் விளம்பரம். எந்த ஆள் வேண்டாம் என்பது பெங்குவினுக்கு விளக்காமலே புரிந்தது.

“இன்னும் ரெண்டே வருஷம்,” என்று அவர் மனைவி காலையில்தான் சொல்லியிருந்தாள். “பொண்ணு படிப்பை முடிக்கட்டும். அதுக்கப்புறம் அந்தப் பறவையைத் தூக்கிக்கிட்டு எங்க வேணாலும் போங்க. அதுவரைக்கும் எதையும் நோண்டாம இருங்க.”

நோண்டியாகிவிட்டது.

முதலில் கணக்குப் பிரிவுக்கு ஓடினார். அங்கே இருக்கும் அக்கா படபடவென்று ஏதோ அடித்துக்கொண்டிருந்தவர், இவர் தலையைக் கண்டதும் திரையைச் சட்டென்று சுருக்கினார்.

“நெட் வருதாம்மா?”

“நெட்டா?” அக்கா பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்தார். அவர் மின்விசிறியைப் பார்த்தார். “இல்ல சார். சுத்தமா இல்ல.”

“எப்பலேர்ந்து?”

“உங்களுக்கு எப்பலேர்ந்து சார்?”

“பத்து நிமிஷமா.”

“அதே பத்து நிமிஷம்தான் சார்.”

“என் தப்புதாம்மா. கோவமா இருக்கீங்களா?”

“ஐயோ, என்ன சார் நீங்க! நிதானமா பாருங்க. எங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல.”

நெட் போயும் கோபப்படாத மனிதர்களை அவர் தன் தொழிலில் பார்த்ததே இல்லை. பதினொரு மாதமாக ஒரு புகார்கூட வரவில்லை. லினக்ஸின் பெருமை என்று போன கூட்டத்தில் அதைச் சொன்னபோது எல்லாரும் கை தட்டினார்கள். லினக்ஸ் பாதி, இவர்கள் பாசம் பாதி என்று இப்போது தோன்றியது.

மெஷின் அறைக்குப் போய் நேரடியாகக் கீபோர்டை மாட்டினால் இரண்டு நிமிட வேலை. போனார். கதவு திறக்கவில்லை. கார்டைக் காட்டினால்தான் அது திறக்கும். கார்டு சரிதானா என்று கதவு விசாரிப்பது உள்ளே இருக்கும் அதே காவல் மெஷினிடம். அதுவோ இனி யாரோடும் பேச்சுவார்த்தை கிடையாது என்ற முடிவில் இருந்தது. சாவி எதற்கு, அதெல்லாம் பழைய காலம் என்று சொல்லிச் சாவித் துவாரத்தையே அடைக்க வைத்த புண்ணியவானும் இவர்தான்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்.

“கதவை உடைக்கணுமா சார், பூட்டையா?”

“ரெண்டும் வேணாம். பூட்டுக்குப் போற கரண்டை நிறுத்தினா அதுவா திறந்துக்கும்.”

“அதுக்குன்னு தனி சுவிட்ச் இல்ல. வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க? மெயினை இறக்கினாதான் ஆச்சு.”

“இறக்கிடுப்பா.”

“மேல ஒரு வார்த்தை கேட்டுட்டு…”

“நெட்டே இல்லாம உக்காந்திருக்காங்க. கரண்டை வெச்சு என்ன பண்ணப் போறாங்க?”

எலக்ட்ரீஷியன் மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு மெயினை இறக்கினார்.

மாடி முழுக்க ஒரே கூக்குரல். “ஐயையோ, சேவ் பண்ணலையே!” என்று அக்கா அலறியது வாசல்வரை கேட்டது. விற்பனை மேலாளர் காதில் மாட்டியிருந்ததைப் பிடுங்கியபடி வெளியே பாய்ந்தார்.

“எந்த மடையன்யா மெயினை அணைச்சது? வெளிநாட்டுக்காரன் திரையில என் முகத்தைப் பாத்துப் பேசிட்டிருந்தான்…” எதிரே பெங்குவினைக் கண்டதும் குரல் இறங்கிவிட்டது. “அதாவது, போன்ல. சாதா போன்ல. நீங்க உங்க வேலையப் பாருங்க சார்.”

நெட் போனபோது முற்றும் துறந்தவர்கள்போல இருந்தவர்கள், மின்விசிறி நின்றதும் இப்படிக் கத்துகிறார்களே என்று அவருக்கு வியப்பாக இருந்தது. அறிவுக்குத் தடை வந்தால் மனிதன் பொறுத்துக்கொள்கிறான், வியர்த்தால் பொறுப்பதில்லை என்று ஒரு முடிவுக்கு வந்தார்.

கதவு திறந்துகொண்டது. கூடவே காவல் மெஷினும் அணைந்துபோயிருந்தது. மின்சாரம் நின்றால் தாங்கிப் பிடிக்க வேண்டிய பேட்டரி உயிரை விட்டு ஒரு வருடமாகிறது. புதிது கேட்டு மூன்று முறை எழுதினார். மூன்று முறையும் பெரியவர் “பாக்கலாம்” என்றார்.

மெயினை ஏற்றியதும் மெஷின் எழுந்தது, தன் ஹார்ட் டிஸ்கைத் தானே சோதித்துப் பார்த்தது, பழுது என்று அறிவித்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. பதினான்கு வருடம் பார்த்துப் பார்த்து எழுதிய கட்டளைகள் அத்தனையும் அதில்தான். நகல் எடுத்து வைத்திருந்தார், எடுக்காமல் இல்லை. நகலும் அந்த டிஸ்கிலேயேதான் இருந்தது. இருப்பதிலேயே பத்திரமான இடம் அது என்று நினைத்திருந்தார்.

உலகமெங்கும் இருக்கும் லினக்ஸ்காரர்கள் கூடும் இணைய மன்றத்தில், செல்போன் வழியாக, அழாத குறையாகக் கேட்டார். எட்டாவது நிமிடம் பதில் வந்தது: ‘கேள்வி கேட்கும் முன் கையேட்டைப் படிக்கவும்.’ அந்தக் கையேட்டைத் தமிழில் பெயர்த்தவரே அவர்தான். இருந்தாலும் படித்தார். நாலாம் பக்கத்தில் ஒரு எழுத்துப்பிழை அகப்பட்டது. விடை அகப்படவில்லை.

மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூசி தட்டி, புதிதாக லினக்ஸ் ஏற்றி, அதையே காவலுக்கு நிறுத்துவது என்று தீர்மானித்தார். அறைக்குள் புழுக்கம். தவிர, உட்கார்ந்த இடத்திலிருந்தே ‘வருதா, வருதா’ என்று கேட்க வசதியாக இருக்கட்டும் என்று, நீளமான ஒயரோடு அதைத் தூக்கிவந்து ஹாலின் நட்டநடுவில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தார். உட்காரும் முன் ஆபீஸ் குழுவுக்கு ஒரு செய்தி அனுப்பினார்: ‘நாற்பத்தாறு பேருக்கும் நெட் இல்லை. தவறு முழுவதும் என்னுடையது. மன்னிக்கவும்.’

நாற்பத்தாறு பேரும் இதயப் படம் போட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

அப்படியே மூன்று மணி நேரம். அச்சுக்குப் போக வேண்டிய படங்கள் போகவில்லை. கீழே மெஷின்கள் அட்டைக்குக் காத்துக்கொண்டு சும்மா சுற்றின. அனுப்ப வேண்டிய சரக்குக்குச் சீட்டுப் போட ஆளில்லாமல் லாரிக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனார். பெங்குவின் தலை நிமிரும்போதெல்லாம் யாராவது ஒருவர் சிரித்து, “நிதானமா சார்” என்றார்கள். அந்தக் கனிவு அவரைக் கொன்றது. திட்டினாலாவது வேலை ஓடும்.

மூன்று மணிக்குப் பெரியவர் வெளியே வந்தார்.

“என்னய்யா எல்லாரும் கை கட்டி உக்காந்திருக்கீங்க? லாரி ஏன் போகல?”

“நெட் இல்ல சார்,” என்றார் அக்கா.

“என்ன நெட் இல்லையா? அதுக்குத்தானே நாம…”

அக்கா கண்ணை உருட்டி ஹாலின் நடுவைக் காட்டினார். பெரியவர் திரும்பிப் பார்த்தார். பாதி வார்த்தையில் வாய் நின்றது.

“ஆமாமா,” என்றார். “நெட் இல்ல. காலைலேர்ந்தே இல்ல.”

இதற்கு மேல் பெங்குவினால் தாங்க முடியவில்லை. பெரியவர் பின்னாலேயே அறைக்குள் போய், மதியம் கையால் எழுதி மடித்து வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார்.

“என்னது இது?”

“நானா போயிடறேன் சார். எல்லாருக்கும் தொந்தரவு.”

பெரியவர் அதைப் பிரிக்கவே இல்லை. “ஒம்பது வருஷம் முன்னாடி அந்தக் கம்ப்யூட்டர் வைரஸ் வந்தப்ப, இந்த வட்டாரத்துல ஒவ்வொரு கம்பெனியும் பூட்டிக் கிடந்துச்சு. நம்ம கம்பெனி ஒண்ணுதான் ஓடிச்சு. அது உங்களால. நான் மறக்கல.”

“அப்ப நாலு மணிக்கு வர்றவன்?”

“அது வேற விஷயம்.”

“அந்தப் பெட்டியை வாங்கப் போறீங்களா சார்? என்னை வெச்சிருப்பீங்களா, மாட்டீங்களா? நேரா சொல்லிடுங்க, என் வீட்ல நான் பதில் சொல்லணும்.”

பெரியவர் கடிதத்தை எடுத்து அவர் சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகினார். பையில் ஒட்டியிருந்த நூலை வேறு அக்கறையாகத் தட்டிவிட்டார்.

“பாக்கலாம். போய் வேலையப் பாருங்க.”

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பழைய கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. “வந்திடுச்சு!” என்று பெங்குவின் கத்திய கத்தில் அவர் கண்ணாடி மேஜைமேல் விழுந்தது. ஹாலே எழுந்து நின்று கை தட்டியது.

“வருதாம்மா?”

“பறக்குது சார்! முன்னாடி இருந்ததைவிட வேகம்!” என்ற அக்காவின் விரல்கள் அதற்குள் கீபோர்டில் பாய்ந்திருந்தன. நாற்பத்தாறு பேரும் குனிந்தவர்கள் நிமிரவில்லை. கீழே லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. கறுப்புப் பெட்டிக் கம்பெனிக்காரன் டையைச் சரிசெய்தபடி அவரைக் கடந்து போனான். போகிறபோக்கில், வார்டில் படுத்திருக்கும் யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல மரியாதையாகத் தலையசைத்தான்.

அரை மணி நேரத்தில் அவன் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனான். பெங்குவின் ஓடிப்போய்ப் பெரியவரின் செயலாளரம்மாவைக் கேட்டார். “எனக்கு எப்படி சார் தெரியும்?” என்று அந்தம்மாள் ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். விற்பனை மேலாளர், “அதையெல்லாம் மனசுல போட்டுக்காதீங்க சார்,” என்று தோளைத் தட்டினார். அக்கா, “வீட்ல எல்லாரும் சௌக்கியமா சார்?” என்றார்.

மெஷின் அறைக்குத் திரும்பினார். எலக்ட்ரீஷியன் ஏணிமேல் நின்று பூட்டுக்குத் தனி சுவிட்ச் வைத்துக்கொண்டிருந்தார். பெங்குவின் ஏணியின் கீழ்ப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“காலைலேர்ந்து ஒவ்வொருத்தரா கேட்டுட்டேன். ‘பாக்கலாம்’ங்கறாங்க, ‘விடுங்க’ங்கறாங்க, சௌக்கியமாங்கறாங்க. ஒருத்தர் வாயிலயும் நேரான பதில் வரல. நீ மாடி மாடியா ஏறி இறங்கறவன், உனக்குத் தெரியாம இங்க ஒரு ஆணி அடிக்க முடியாது. நீயாவது சொல்லுப்பா. அந்தப் பெட்டி வந்துடுமா?”

எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூடிரைவரைக் காதில் செருகிக்கொண்டு இரண்டு படி இறங்கினார்.

“கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“மாட்டேன். சொல்லு.”

“அது வந்து பதினொரு மாசம் ஆச்சு சார். இன்னிக்கு அவன் வந்தது அடுத்த வருஷத்துக்குக் காசு வாங்க. நீங்க ரிட்டயர் ஆகற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு பெரியவர் உத்தரவு. நாப்பத்தாறு பேருக்கும் அந்தப் பெட்டியிலேர்ந்துதான் நெட் வருது. இந்த ரூம்ல உங்க ஒயரையும் கதவு ஒயரையும் விட்டுட்டு மத்ததையெல்லாம் கழட்டி, லைட் மட்டும் எரியட்டும்னு மேல ஒரு காலிப் பெட்டியில சொருகி வெச்சவனே நான்தான். காலைல நெட் போனது உங்க ஒருத்தருக்குத்தான்.”