தோட்டத்தில் விழுந்த புள்ளி

“மாப்பிள்ளை, என் தோட்டத்துல ஒருத்தன் மண்டி போட்டு உக்காந்திருக்கான்!”

மாமனாரின் தொலைபேசிப் பேச்சு எப்போதும் இப்படித்தான் தொடங்கும். ஹலோ கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது. வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். முன்னுரை சொல்லிவிட்டு யாரிடமும் டிக்கெட் கேட்டுப் பழக்கமில்லை.

மாப்பிள்ளை அப்போது குளியலறை ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அதுதான்.

“மண்டி போட்டா? எதுக்கு மாமா?”

“அதைத்தான் நானும் கேட்டேன். ஒரு கையில போனு. இன்னொரு கையால என் செம்பருத்தித் தொட்டியைத் தூக்கிப் பாக்கறான். கண்ணாடி போட்டவன், கொஞ்சம் முன்வழுக்கை. கேட்டா, ‘புள்ளி இங்கதான் சார் காட்டுது’ங்கறான்.”

மாப்பிள்ளைக்கு ஜன்னல் விளிம்பு விலாவில் குத்தியது. அதைவிடப் பெரிதாக வேறெங்கோ குத்தியது.

புள்ளி. அவன் வைத்த புள்ளி.

விஷயம் இதுதான். உலகமெங்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. தண்ணீர் புகாத சின்னப் பெட்டியை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் வரைபடப் புள்ளியை இணையத்தில் போடுவார்கள். மற்றவர்கள் கைபேசியைப் பிடித்துக்கொண்டு தேடி வந்து, உள்ளே இருக்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். பரிசு கிடையாது. பகல் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் பிறர் கண்ணுக்கு லென்ஸ் பொருத்தும் மாப்பிள்ளைக்கு, தன் கண்ணால் ஒன்றைக் கண்டுபிடிக்கும் அந்த ஒரு நொடி போதும். நகரமே ஒரு பெரிய ரகசியத்தை மடியில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருக்கும்.

குடும்பத்துக்கு அப்படி இல்லை. மச்சினன் கல்யாணத்தில் எல்லோரும் படத்துக்கு நின்றபோது அவன் மண்டபத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் படுத்திருந்தான். குடும்பப் படத்தில் அவன் நின்றிருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூந்தொட்டி நிற்கிறது. அன்று எல்லோர் முன்னிலும் மாமனாரிடம் சத்தியம் செய்தான்: இனிமேல் பெட்டி தேட மாட்டேன், அந்தத் தளத்தில் இருக்கும் என் கணக்கையும் அழித்துவிடுவேன்.

மனைவி அப்போது சொன்னது ஒரே வாக்கியம். “இன்னொரு தடவை பொய் சொன்னீங்கன்னு தெரிஞ்சா, நான் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்.”

தேடுவதை அவன் நிஜமாகவே விட்டுவிட்டான். கணக்கைத்தான் அழிக்கவில்லை. ‘தேட மாட்டேன்னுதானே சொன்னேன், ஒளிச்சு வைக்க மாட்டேன்னு சொல்லலையே’ என்று தனக்குத் தானே ஒரு வக்கீலை வைத்துக்கொண்டு, சென்ற வாரம் கால்வாய்ப் பாலத்துக்கு அடியில் தன் முதல் பெட்டியை ஒளித்துவைத்தான். பாலத்துக் கான்கிரீட் சிக்னலை மறைத்துவிட்டது. கைபேசி, இருக்கும் இடம் தெரியாததால், கடைசியாகத் தெரிந்த இடத்தையே எழுதிக் கொடுத்தது. பாலத்துக்குப் போகும் முன் அவன் கடைசியாக நின்றது மாமனார் வீட்டுத் தோட்டத்தில்.

“நான் பாத்துக்கறேன் மாமா,” என்றான். “நீங்க டென்ஷன் ஆகாதீங்க.”

“நான் எங்க ஆனேன்? அவன்தான் ஆனான். முக்கால் மணி நேரம் விசாரிச்சேன்ல.”

*

புள்ளியைத் திருத்துவது ஒரு நிமிட வேலை. இணையம் இருந்தால்.

தெருவைத் தோண்டியவர்கள் குழாயைத் தேடப் போய் வயரை அறுத்திருந்தார்கள். நாளைக்கு வரும் என்று நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குளியலறை ஜன்னல் சிக்னலில் பேச்சு போகும், படம் போகாது. திருத்தும் பக்கம் திறக்காமல் வட்டம் மட்டும் சுற்றியது. அவன் மனைவியின் கைபேசியை வாங்கி வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தான்.

“சார், செட்டிங்ஸ் போய் ரீசெட் குடுங்க,” என்றது ஒரு பெண் குரல்.

“எந்த ரீசெட்மா? இங்க மூணு இருக்கு.”

“ரீசெட்டுனு போட்டிருக்கும் சார்.”

“மூணுலயும் ரீசெட்டுன்னுதான் போட்டிருக்கு!”

“ஓகே சார். அதைக் குடுங்க சார்.”

குடுத்தான். கைபேசி ஒருமுறை கண்ணை மூடித் திறந்து, அன்றுதான் பிறந்ததுபோல, ‘நல்வரவு! உங்கள் மொழியைத் தேர்ந்தெடுங்கள்’ என்றது.

“வேற ஏதாவது உதவி வேணுமா சார்?” என்றாள் அந்தப் பெண்.

“நீ செஞ்சதே போதும் தாயே,” என்றான்.

*

மறுநாள் கடையில் சிக்னல் நன்றாகவே இருந்தது. ஆனால் எல்லாம் அழிந்துபோன கைபேசியில் பெட்டித் தளத்தைத் திறந்தால், அது ‘நீங்கள் யார்?’ என்று கேட்டது. நீங்கள் நீங்கள்தான் என்பதற்கு, உங்கள் எண்ணுக்கு ஒரு கோட் அனுப்பியிருக்கிறோம் என்றது. அந்த எண் அவனுடைய பழைய எண். அந்த சிம்மைப் பழைய கைபேசியோடு சேர்த்து மாமனாருக்குக் கொடுத்து ஒரு வருடம் ஆகிறது.

மாமனார் வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்து மாமியாரைப் பிடித்தான்.

“அத்தை, மாமா போனுக்கு இப்ப ஒரு மெசேஜ் வந்திருக்கும். ஆறு நம்பர். அதை மட்டும் படிங்க. மாமாகிட்ட சொல்ல வேணாம்.”

“என்ன விஷயம் மாப்பிள்ளை?”

“பேங்க் விஷயம்.”

“அந்த நம்பரை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு டிவில சொல்றாங்களே?”

“நான் யாரோவா அத்தை?”

அந்தப் பக்கம் ஏதோ நாற்காலி இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது.

“மாமா எங்க இருக்கார்?”

“இங்க... தோட்டத்துல இருக்கார், தோட்டத்துல. நீங்க எழுதிக்கோங்க. நாலு...”

“மூணு,” என்றார் கண் பரிசோதனை நாற்காலியில் லென்ஸ் சோதிக்கும் கனத்த இரும்புச் சட்டத்தைக் கண்ணில் மாட்டி உட்கார்ந்திருந்த டீச்சர். எதிர்ச்சுவர் அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார்.

“ஏழு,” என்றார் மாமியார்.

“எட்டா ஆறா தெரியல,” என்றார் டீச்சர்.

“டீச்சர், ஒரு நிமிஷம் படிக்காம இருங்க.”

“படிக்கச் சொன்னதே நீங்கதானே தம்பி?”

போட்ட எண் தவறு என்றது கைபேசி. இன்னொரு கோட் வந்தது. அதுவும் தவறு. மூன்றாவதும் தவறாகி, நாளை வாருங்கள் என்று கதவைச் சாத்தியது. மாப்பிள்ளை டீச்சரைப் பார்த்த பார்வையில், அவர் அட்டையின் கடைசி வரி வரை கடகடவென்று படித்து முடித்துவிட்டார்.

மறுநாள் யாரும் இல்லாத கிடங்கு அறையில் நின்றுகொண்டு கேட்டான். எண்கள் ஒவ்வொன்றும் மணிமணியாக வந்தன. எல்லாமே தவறு.

அப்போதுதான் அவனுக்குப் பொறி தட்டியது. அத்தைக்குக் கண் சரியில்லை. கண்ணாடிக்கடைக்காரன் வீட்டிலேயே இருட்டு! கடையின் ஆகச்சிறந்த லென்ஸை, ஆகச்சிறந்த சட்டத்தில் பொருத்தி, அன்று மாலையே கொடுத்தனுப்பினான்.

“எப்படி இருக்கு அத்தை?”

“அமோகம் மாப்பிள்ளை. எதிர்வீட்டு மாடியில காயற துணிக்கு எத்தனை கிளிப்புன்னு எண்ணிடுவேன்.”

“அப்ப நம்பரைப் படிங்க.”

படித்தார். தவறு. கணக்கு ஒரு வாரத்துக்குப் பூட்டப்பட்டது. தளத்தை நடத்துபவர்களுக்கு எழுதினான். ‘உங்கள் கடிதம் எங்களுக்கு மிக முக்கியம்’ என்று உடனே ஒரு பதில் வந்தது. அதற்குமேல் எதுவும் வரவில்லை.

*

உள்ளே நுழையத்தான் முடியாது. வெளியிலிருந்து பக்கத்தைப் பார்க்கத் தடையில்லை. பார்த்தான். வந்து போனவர்கள் குறிப்பு எழுதியிருந்தார்கள்.

‘பெட்டி கிடைக்கவில்லை. பெரியவர் ஒருவர் கிடைத்தார்.’

‘பெரியவரைத் தாண்டுவதுதான் இதில் சவால் என்று நினைக்கிறேன். என்னைப் பெற்றவர்கள்கூட என்னிடம் இத்தனை கேள்வி கேட்டதில்லை. ஐந்து நட்சத்திரம்.’

மாமனாரோ தினமும் அழைத்தார். “இன்னைக்கு ரெண்டு பேரு மாப்பிள்ளை. அண்ணன் தம்பி. அண்ணனுக்கு அச்சகத்துல வேலை, தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகல. திருட்டு முழி!”

“வாசல்ல ‘உள்ளே வரக் கூடாது’ன்னு ஒரு போர்டு மாட்டிடலாமா மாமா?”

“போர்டா? அதெல்லாம் வேணாம். போர்டைப் பாத்தா உஷாராயிடுவானுங்க. நேர்ல பிடிக்கணும்.”

“போலீஸ்ல சொல்லலாமா?”

“அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். நானே பாத்துக்கறேன்.”

மாப்பிள்ளை ராத்தூக்கம் இல்லாமல் யோசித்தான். பெட்டி கிடைக்காததால்தானே தோட்டத்தைக் கிளறுகிறார்கள்? கிடைத்துவிட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மதிய உணவு நேரத்தில் திருடன்போல் போய், மாமனார் வீட்டு மதில் சுவரின் வெளிப்பக்கம் ஒரு பெட்டியைச் செருகிவிட்டு வந்தான்.

அன்று மாலையே ‘கிடைத்தது!’ என்று ஒருவர் எழுதினார். அதுவரை அலுத்துத் திரும்பியவர்கள் எல்லோரும் மறுபடி கிளம்பினார்கள். போகிற போக்கில், வராதவர்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

“வேன்ல வந்தாங்க மாப்பிள்ளை,” என்றார் மாமனார். குரல் நடுங்கியது. “வேன்ல!”

மாப்பிள்ளை ஒரு வேனில் எத்தனை பேர் ஏறலாம் என்று விரல்விட்டு எண்ணினான்.

“ஞாயித்துக்கிழமை பொண்ணைக் கூட்டிட்டு வந்துடுங்க. கூட்டம் அன்னைக்குத்தான் ஜாஸ்தி. ஆளுக்கு ஒரு பக்கம் நின்னாத்தான் சமாளிக்க முடியும்.”

*

ஞாயிறன்று மாமனார் நன்றாகச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து வாசலில் நின்றார். மாப்பிள்ளை கையில் ஒரு கம்போடு மதில் ஓரம் நின்றான். தொப்பியைக் கண் வரை இறக்கிவிட்டிருந்தான். பெட்டி தேடும் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அவனைத் தெரியும்.

முதலில் வந்த இளைஞனை, தெருமுனையிலேயே கம்பைக் காட்டி விரட்டினான்.

“யாரது ஓடறது?” என்று மாமனார் கத்தினார்.

“விரட்டிட்டேன் மாமா!”

“ஏன் விரட்டினீங்க? விசாரிக்காம விரட்டினா எப்படி?” மாமனார் முகம் சுருங்கிவிட்டது. “இனிமே வர்றவங்களை எங்கிட்ட அனுப்புங்க. உங்களுக்கு இந்த வேலை தெரியல.”

அடுத்து வந்தவர் நிதானமானவர். கையில் கைபேசி, தோளில் பை. மாமனார் வழியை மறித்துக் கையை நீட்டினார்.

“எங்கிருந்து வர்றீங்க? என்ன வேலை?”

“பல் டாக்டருங்க.”

“இங்க யாருக்கும் பல் வலிக்கலையே. யாரு வரச் சொன்னது? காட்டுங்க.”

பல் டாக்டர், டிக்கெட்டை நீட்டும் பயணிபோலக் கைபேசியை நீட்டினார். மாமனார் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவசரமாகத் திரையைத் திருப்பிப் பிடித்தார். அதற்குள், தண்ணீர் கொண்டுவந்த மகள் பார்த்துவிட்டாள்.

‘ஒளித்து வைத்தவர்: புதையல் மாப்பிள்ளை.’

குடும்பம் அவனைக் கேலியாகக் கூப்பிடும் பெயர். உலகத்தில் வேறு யாருக்கும் அது வாய்க்க வழியில்லை.

“கணக்கை அழிச்சுடுவேன்னு சொன்னீங்க,” என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கம்பு கையிலிருந்து நழுவியது. “தேடறதை விட்டுட்டேன்மா. சத்தியமா. ஒளிச்சு வைக்கறது வேற...”

“வேறயா?”

“இல்ல. ஒண்ணுதான்.” தொப்பியைக் கழற்றினான். பாலம், கான்கிரீட், புள்ளி, ரீசெட், கோட், மதில் பெட்டி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டினான். “உன்கிட்ட முதல் நாளே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். எல்லாத்தையும் சரி பண்ணிட்டு வாயை மூடிக்கலாம்னு பாத்தேன். நான் சரி பண்ணப் பண்ண அது பெருசாயிட்டே போச்சு.”

மாமனார் பல் டாக்டரின் தோளில் கைபோட்டு, “வாங்க, அந்தப் பக்கம் போய் விசாரிப்போம்,” என்று தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

“நான் இங்கயே இருந்துக்கறேன்,” என்றாள் மனைவி. “நீங்க கிளம்புங்க.”

“கிளம்பறேன். அதுக்கு முன்னாடி இதை மட்டும் முடிச்சுடறேன். பாவம், உங்கப்பா நிம்மதியே போச்சு.” கைபேசியை எடுத்தான். ஒரு வாரப் பூட்டு அன்று காலையில்தான் திறந்திருந்தது. மாமனாரின் கைபேசியோடு வாசற்படியில் நின்ற மாமியார் பக்கம் திரும்பினான். “அத்தை, கோட் வரும். இந்த ஒரு தடவை தயவுசெஞ்சு சரியாப் படிங்க. இதுல என் வாழ்க்கையே இருக்கு.”

மாமியார் புதுக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். தோட்டத்துப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“மாப்பிள்ளையைத் திட்டாதடி. முதல் ஆள் வந்தன்னைக்கே அவன் போன்ல இவர் பேரை உங்கப்பா பாத்துட்டாரு. நான் அன்னைக்கே ஒழுங்காத்தான் படிக்கப் போனேன்; ‘இதைச் சரி பண்ணிட்டா அப்புறம் என்னைத் தேடி யாரு வருவா’ன்னு உங்கப்பாதான் பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்துகிட்டு, ஒவ்வொரு தடவையும் கடைசி நம்பரை மாத்திச் சொல்ல வெச்சாரு.”