அணுஉலையைச் சாப்பிட்ட வால்வு அண்ணன்

திண்டுக்கல்லில் குக்கரை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு, அணுமின்சாரத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு கேட்காமல் வீடு திரும்பிய மனிதர் யாரும் கிடையாது. அப்படி ஒருவர் இருந்தால் அவருக்குக் காது கேட்காமல் இருந்திருக்கும், அல்லது அன்றைக்கு வால்வு அண்ணனுக்குத் தொண்டை கட்டியிருக்கும்.

வால்வு அண்ணனுக்கு வேறு பெயர் உண்டு. ரேஷன் கார்டில் இருக்கும். ஊரில் யாரும் அதைக் கேட்டதில்லை. மணிக்கூண்டுக்குப் பக்கத்துச் சந்தில் குக்கர், மிக்ஸி, கேஸ் அடுப்பு ரிப்பேர் கடை வைத்திருந்தார். பேச்சுக்குப் பேச்சு 'சேஃப்டி வால்வு' என்பார், அதனால் அந்தப் பெயர். அவர் வீட்டு மாடியில்தான் நானும் என் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். அதாவது, மற்றவர்கள் கடையில் நின்று கேட்ட சொற்பொழிவை நான் வீட்டில் உட்கார்ந்து கேட்டேன்.

கடைக்கு ஓர் அம்மா கேஸ்கெட் மாற்ற வருவார். அண்ணன் குக்கர் மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பார்.

"இதுக்குள்ள என்னக்கா நடக்குது?"

"பருப்பு வேகுது."

"அதில்லக்கா. தண்ணி கொதிக்குது, ஆவி வருது. அங்க கடலோரத்துல அணுஉலை வச்சிருக்காகளே, அதுலயும் இதேதான். தண்ணியக் கொதிக்க வச்சு, ஆவியாக்கி, சக்கரத்தச் சுத்த விடுறாக. வெந்நி வைக்கிறதுக்கு எதுக்குக்கா அணுவ ஒடைக்கணும்? ஒரு டம்ளர் காபிக்கு வீட்டக் கொளுத்துவாகளா?"

"எனக்கென்னப்பா தெரியும். அடுப்புல சோறு வச்சிட்டு வந்திருக்கேன்."

"பாத்தீகளா, இதத்தான் சொல்றேன். இங்கன ஆளு நகந்தா சோறுதான் தீயும். அங்க நகந்தா என்னாகும்?"

அந்த அம்மா பயந்து ஓடுவார். சோற்றுக்காகவா, அணுவுக்காகவா என்று சொல்ல முடியாது.

ஒருமுறை பல் வலி வந்து அண்ணன் டாக்டரிடம் போனார். எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று சொல்லி, அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு டாக்டர் அறைக்கு வெளியே போனார். திரும்பிப் பார்த்தால் அண்ணன் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். "நல்லதுன்னா நீங்க ஏன் சார் வெளிய வாரீக?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பல் கடைசிவரை படம் எடுக்கப்படாமலேயே பிடுங்கப்பட்டது.

இன்னொரு நாள் மின்சார ஆபீசுக்குப் போனார். என்னையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"சார், எங்க வீட்டுக்குக் காத்தாலை கரண்டு மட்டும் குடுங்க. தாராபுரம் பக்கம் அம்புட்டுக் காத்தாடி சுத்துது, எனக்கு அது போதும். அந்த அணு கரண்டு எங்க வாசப்படி ஏறக் கூடாது."

அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். சிரிக்காமல் பதில் சொன்னார். "எல்லாம் ஒரே கம்பியிலதான்ணே வருது. எது எந்த ஊரு கரண்டுன்னு நான் எப்பிடிப் பிரிக்கிறது? பால்ல தண்ணி கலந்தப்புறம் தண்ணிய மட்டும் வெளிய வான்னு கூப்பிட முடியுமா?"

"அப்ப கலப்படம்னு ஒத்துக்கிறீக."

தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி வெளியே வந்தார் அண்ணன். அடுத்த வாரமே மொட்டை மாடியில் சோலார் தகடுகள் முளைத்தன. நாங்கள் துணி காயப்போடும் கொடியை அறுத்துவிட்டுத்தான் முளைத்தன. எனக்குக் கோபம் வந்தது. வந்து என்ன செய்வது, வீட்டுக்காரர்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மிக்ஸி ஓடுவதைச் சூரியன் முடிவு செய்தது. கம்பிவழி கரண்டை அண்ணன் தொடவிட மாட்டார். அவர் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். மதினி கீழேயிருந்து குரல் கொடுப்பார்: "தம்பி, செத்த மேகத்தப் பாத்துச் சொல்லுங்க, தேங்காயப் போடவா?" நான் சிறுமலைப் பக்கம் பார்த்து, "இப்பப் போட்டுருங்க மதினி, பெரிய மேகம் ஒண்ணு வருது" என்பேன். வானிலை ஆராய்ச்சிக்கு எனக்குக் கிடைத்த சம்பளம் ஒரு கிண்ணம் சட்னி. மலைமேல் மேகம் கட்டினால் எங்கள் தெருவில் அந்த ஒரு வீட்டில் மட்டும் இட்லிக்குப் பொடி.

நான் சும்மா இருப்பேனா? ஒருநாள் வம்புக்கு இழுத்தேன்.

"அண்ணே, நிலக்கரின்னா பொகை. அணுவுல பொகையே இல்லைங்கிறாங்களே. மழைக்காலத்துலயும் நிக்காம ஓடுமாமே."

"பொகை வரலைன்னா நல்லவனா தம்பி? சரி, கேளுங்க. அத ஒண்ணு கட்டி முடிக்கிறதுக்குள்ள பொறந்த புள்ளைக்கு மீச மொளச்சிருது. அதுக்குள்ள ஊர்ல இருக்கிற மொட்டமாடி பூரா இந்தச் சோலாரப் போட்டுறலாம். கட்டியாச்சுன்னே வச்சுக்குவோம். வெந்நிய எங்க விடுறாக? கடல்ல. மீனு எங்க போகும்? சரி, வயசாகி ஓஞ்சு போச்சு. பழைய குக்கர நான் எடைக்குப் போட்டுருவேன். அத எந்தக் கடையில எடைக்குப் போடுவீக?"

நான் ஜன்னல் கம்பியில் துணி காயப்போடப் போய்விட்டேன்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், தேன்மொழி. தனியார் கல்லூரி ஒன்றில் வேலை பார்த்தாள். அவளுக்கு ஒருவனைப் பிடித்திருந்தது. அதை முதலில் என் மனைவியிடம் சொன்னாள். என் மனைவி என்னிடம் சொன்னாள். அப்பாவிடம் சொல்லும் பொறுப்பை இரண்டு பேரும் சேர்ந்து என் தலையில் கட்டினார்கள். கடைக்குப் போனேன்.

"அண்ணே, தேனுக்கு ஒரு இடம் வந்திருக்கு. ஒட்டன்சத்திரம் பக்கம். கூடப் படிச்ச பையன், பேரு செந்தில். நம்ம சனந்தான்."

"நல்லதுதான தம்பி. என்ன வேலை?"

"என்ஜினியரு."

"எங்கன?"

"கடலோரத்துல."

"துறைமுகமா?"

"இல்லண்ணே."

"உப்பளமா?"

"இல்லண்ணே."

அண்ணன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு சில நாட்களுக்கு யாருக்கும் சொற்பொழிவு கிடையாது. கேஸ்கெட்டை மாற்றி, மூடியைத் துடைத்து, பேசாமல் நீட்டினார். "அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?" என்று வாடிக்கையாளர்கள் மதினியிடம் விசாரித்தார்கள். ஜாதகம் பொருந்தியது, சனம் பொருந்தியது, அணு மட்டும் பொருந்தவில்லை.

தேன்மொழி அழவில்லை, சண்டை போடவில்லை. "அப்பா வேண்டாம்னா இந்தக் கல்யாணம் வேண்டாம். ஆனா வேற யாரையும் கட்டிக்கச் சொல்லாதீங்க" என்று மட்டும் சொன்னாள். சொன்னதைச் செய்கிற பெண் அவள். அது அண்ணனுக்கும் தெரியும். மதினி முடிவெடுத்தார். "போயி வீட்டப் பாத்துட்டு வருவோம். பிடிக்கலைன்னா அங்கனயே சொல்லிருங்க. இப்பிடி மொகத்தத் தூக்கிக்கிட்டுத் திரியாதீக."

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்கள், சம்மதம் என்றால் மட்டுமே அங்கே கை நனைப்பார்கள். ஒரு வாய் சாப்பிட்டால் போதும், சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். சாப்பிட்டுவிட்டு மாட்டேன் என்று சொன்னால் அதைவிட அவமானம் இரண்டு குடும்பத்துக்கும் கிடையாது. அதனால் வேனில் ஏறியதுமே அண்ணன் கட்டளை போட்டுவிட்டார்.

"யாரும் கை நனைக்கக் கூடாது. காபி நீட்டுனா கும்பிடு போட்டு, இருக்கட்டும்னு சொல்லணும். தம்பி, முக்கியமா உங்களத்தான் சொல்றேன்."

காலையில் எதுவும் சாப்பிடாமல் கிளம்பிய எனக்கு அது நெஞ்சில் குத்தியது.

செந்திலின் அப்பா முருங்கையும் தக்காளியும் போடுகிற விவசாயி. வாசலுக்கே வந்து கை கூப்பினார். "வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல டிபன் சாப்பிடலாமுங்க."

"இருக்கட்டுங்க. பேசிட்டுப் பாப்போம்."

"பேசறதுக்கு என்னங்க இருக்குது? ஜாதகந்தான் பாத்தாச்சுங்களே."

"ஜாதகத்துல அணுவப் பத்தி ஒண்ணும் இல்லையே."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. விருந்தாளியின் பேச்சு புரியாவிட்டால் இலை போட்டுவிட வேண்டும் என்பது அந்த வீட்டு முறை போலிருக்கிறது. எல்லாருக்கும் முன்னால் இலை விழுந்தது. இட்லி, குழிப்பணியாரம், சட்னி, கிண்ணத்தில் சாம்பார். நான் பணியாரத்தைப் பார்க்காமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே செந்தில் வந்து உட்கார்ந்தான். ஒல்லியாக, அமைதியாக இருந்தான். இந்தப் பையன் பத்து நிமிஷம் தாங்க மாட்டான் என்று நினைத்தேன்.

அண்ணன் ஆரம்பித்தார். பல நாள் அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக வந்தது. விளக்குவதற்குக் கையில் குக்கர் இல்லையே, இலையில் இருந்ததை எடுத்தார். ஒரு பணியாரத்தைத் தூக்கிச் சாம்பார்க் கிண்ணத்தில் போட்டார்.

"தம்பி, இதுதான் உங்க அணுஉலை. சுத்தி இருக்கிறது ஆற வைக்கிற தண்ணி. இந்தா இருக்கிற சட்னி, கடலு. இப்பக் கரண்டு போச்சு, பம்பு நின்னுருச்சு. தண்ணி வத்துது." சாம்பாரை இலையில் சாய்த்தார். "உள்ள இருக்கிறது சூடேறி உருகுதா இல்லையா?"

"அதுக்குத்தாங்க மாமா ஒண்ணுக்கு மேல ஒண்ணா பம்பு வச்சிருக்கறோம். ஒண்ணு நின்னா இன்னொண்ணு ஓடும். சேஃப்டி வால்வும் இருக்குதுங்க."

வால்வு என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணன் முகத்தில் ரத்தம் ஏறியது. "எங்கடைக்கு வர்ற குக்கர் எல்லாத்துலயும் சேஃப்டி வால்வு இருந்துச்சு தம்பி. இருந்துந்தான வெடிச்சிட்டு வந்துச்சு?"

"அதுல பருப்பு போய் அடைச்சுக்குதுங்க மாமா. நாங்க அங்க பருப்பு வேக வைக்கறதில்லீங்க."

நான் சிரித்துவிட்டேன். மதினியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அண்ணன் எங்கள் இருவரையும் ஒரு முறை முறைத்துவிட்டு, கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"சரி, அடைக்கலை. எதுவும் வெடிக்கலை. நல்லாவே ஓடுது. எரிச்சு முடிச்ச கழிவு இருக்குல்ல, அத எங்க வச்சிருக்கீக?"

"தண்ணிக்குள்ள ஆற வச்சு, பத்திரமா மூடி, காவல் போட்டு வச்சிருக்கறோமுங்க."

"எம்புட்டு நாளைக்கு?"

செந்தில் அப்பாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

"ரொம்ப நாளைக்குங்க மாமா. நம்ம பேரன் பேத்திக்கெல்லாம் அப்புறமும். அதுவரைக்கும் யாரு காவல் இருப்பாங்க, எப்படி இருப்பாங்கன்னு கேட்டா, எங்கிட்ட முழுசா பதில் இல்லீங்க. இன்னைக்கு என் வேலைய ஒழுங்காச் செய்யறேன், அவ்வளவுதாங்க சொல்ல முடியும்."

அண்ணன் முகம் மலர்ந்ததே, அதை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது. இத்தனை வருஷமாக அவர் ஊராரிடமெல்லாம் கேட்ட கேள்வி. ஒருவர்கூடப் பதில் இல்லை என்று ஒப்புக்கொண்டதில்லை. ஓடினார்கள், சிரித்தார்கள், சோறு தீயுது என்றார்கள். இந்தப் பையன் ஒப்புக்கொண்டான்.

"கேட்டீகளா? கேட்டீகளா தம்பி? உள்ள வேலை பாக்குறவரே சொல்லிட்டாரு" என்று என் தொடையில் ஓங்கித் தட்டினார். தட்டிய சந்தோஷத்தில், சாம்பாரில் ஊறிக்கிடந்த அணுஉலையை எடுத்தார். கடலில் ஒரு புரட்டுப் புரட்டினார். வாயில் போட்டுக்கொண்டார்.

எல்லாரும் அவர் வாயையே பார்த்தோம்.

இரண்டாவது மெல்லு மெல்லும்போதுதான் அவருக்கே உறைத்தது. கண்கள் பெரிதாயின. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? அவர் யோசித்து முடிப்பதற்குள் மதினி ஒரு குலவை போட்டார். நிலக்கோட்டைப் பக்கம் நாற்று நட்டு வளர்ந்த வாய். பக்கத்துத் தோட்டத்து ஆட்களெல்லாம் ஓடி வந்துவிட்டார்கள்.

செந்திலின் அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். "ரொம்பச் சந்தோசமுங்க சம்பந்தி."

சம்பந்தி விழுங்கினார். நான் ஆறு பணியாரம் சாப்பிட்டேன்.

வேன் திண்டுக்கல் வந்து சேர்ந்தது. மதினி போனில் சொல்லியிருந்ததால் தேன்மொழி வாசலிலேயே நின்றாள். அண்ணன் அவளைத் தாண்டி நேராக மொட்டை மாடிக்குப் போய் சோலார் தகட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அவள் பின்னாலேயே போனாள். என் அறை ஜன்னல் அங்கேதான் திறக்கும், காதை எங்கே கழற்றி வைப்பது?

"பிடிக்காமத்தான் சாப்பிட்டீங்களாப்பா? அப்பிடின்னா சொல்லிருங்க. அவங்ககிட்ட நானே பேசிக்கிறேன்."

"பையன் தங்கந்தாம்மா. பொய் சொல்லத் தெரியாத பய." தகட்டின் ஓரத்தைக் கையால் துடைத்தார். பிறகு குரல் உடைந்தது. "இம்புட்டு வருசமா அதப் பத்திப் பேசுனேன். எல்லாம் ஊருக்காகப் பேசுனது. ஒருநாளும் பயந்ததில்ல. இப்ப நீ அங்க போயிருவியேன்னு நெனைக்கும்போதுதாம்மா பயமா இருக்கு."

"அங்க எம்புட்டுப் பேரு குடும்பம் குடும்பமா இருக்காங்கப்பா."

"அவுகளுக்கும் சேத்துத்தான்."

தேன்மொழி அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் ஜன்னலைச் சாத்தினேன்.

கல்யாணம் அமோகமாக நடந்தது. மண்டபத்தில் மாப்பிள்ளையோடு வேலை பார்க்கிறவர்கள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கவனித்தார். பந்தியில் பாயசத்தோடு கழிவுப் பிரச்சினையையும் பரிமாறினார். ஒரு வாதத்தைக்கூட அவர் இன்றுவரை வாபஸ் வாங்கவில்லை. கடைக்குப் போனால் நீங்களும் கேட்கலாம்.

ஒன்று மட்டும் புதிது. தினமும் காலையில் கடையைத் திறந்ததும் மகளுக்குப் போன் போடுவார். சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. "அங்க காத்து எந்தப் பக்கம்மா அடிக்குது?" என்றுதான் கேட்பார். அவள் குவார்ட்டர்ஸ் மாடிக்குப் போய், துப்பட்டாவைக் காற்றில் விட்டுப் பார்த்து, "எங்க வீட்டுப் பக்கமிருந்து கடலப் பாத்து அடிக்குதுப்பா" என்பாள். அப்படி அடித்தால் உலையிலிருந்து எது கிளம்பினாலும் மகள் பக்கம் வராமல் கடலுக்குப் போய்விடும்; அண்ணனுக்கு அன்றைய நாள் நல்லபடியாகத் தொடங்கும்.

காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அவள் அதைத்தான் சொல்கிறாள் என்பது என் மனைவிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒருநாள் கடையில் நின்றிருந்தபோது அண்ணன் போனை வைத்துவிட்டு, "பய புள்ள தெனமும் ஒரே பக்கந்தான் சொல்றா தம்பி. நான் கண்டுக்கிறதில்ல, அவ குரலு நல்லா இருக்கான்னு கேட்டுக்கிருவேன்" என்றார். அவர் கையிலிருந்த குக்கர் மூடியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அந்த மனிதரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போல எனக்கு இருந்தது.