மாத்திர நிறுத்துன மாசத்துல வந்த புறாக்கூண்டு

கத கட்டுறேன்னா சொல்ற? ஏன்டி ஷைனி, உன்னாண்ட கத கட்டி எனக்கு இன்னா ஆவப்போவுது? சாலமோன் தாத்தா பொய் சொல்ல மாட்டாரு, கோயில்ல வேதம் வாசிக்கிற மனுசன்னு சொல்ற. வாசிக்கிறாரு. எங்க ஊட்டுக்காரரு வாசிக்கலன்னு சொன்னேனா? ஊட்டுக்கு வந்ததும் கண்ணாடியோட சேத்து அதையும் கழட்டி வச்சிட்றாருல்ல.

உக்காரு. பக்கத்தூட்டுப் பொண்ணுன்னுதான் சொல்றேன். அடுத்த வாரம் உனக்கும் தைராய்டு மாத்திரய நிறுத்தப் போறாங்க. ஒண்ணும் ஆவாது, கொஞ்சம் அசதியா இருக்கும்னு டாக்டரு சொன்னாருன்ற. என்னாண்டயும் அதான் சொன்னாரு. அவுரு அசதியப் பத்தி சொன்னாரு. ஊட்டுக்காரரப் பத்தி அவுருக்கு எப்டித் தெரியும்?

எனக்கும் உன்ன மாதிரிதான். போன வருசம் கழுத்துல ஆபரேசன் பண்ணி, உள்ள இருந்த கட்டிய சுரப்பியோட எடுத்துட்டாங்க. அதுலருந்து தெனம் விடியக்காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திர. அப்புறம்தான் காபி. இந்த வருசம் மறுபடியும் எங்கியாவது ஒட்டிக்கினு கீதான்னு பாக்க ஸ்கேனு. அதுக்கு நாலு வாரம் மாத்திர கெடையாது. நீயா நிறுத்திடாத, இன்னா? டாக்டரு எந்தத் தேதின்னு சொல்றாரோ அன்னிக்குத்தான்.

மொத வாரம் ஒண்ணும் தெரியல. நல்லாத்தான் இருந்தேன். ரெண்டாவது வாரம் பாரு, மே மாசம், பொன்னேரி ரோட்டுல தாரு உருகுது, நான் ஸ்வெட்டர் போட்டுக்கினு போர்வைக்குள்ள கீறேன். ஃபேனப் போட்டா எனக்கு நடுங்குது. நிறுத்துனா அவுரு மீனு மாதிரி துடிக்கிறாரு.

"ஒண்ணுலயாவது வையி கலா!"

"ஒண்ணுல வச்சா ஒடம்பு வெறைக்குதுய்யா."

"நான் வெந்து பூட்டேன்னா?"

"ஆஸ்பத்திரிக்கு என்னக் கூட்டிக்கினு போவ ஜெபா கீறா."

ஜெபா எம்மருமவ. சிப்காட்டுல ஒரு கம்பெனில வேல. மாமனாரு மாமியாருக்கு நடுவுல வாயத் தொறக்கவே மாட்டா. அதனாலதான் அவ தொறந்தா எடை ஜாஸ்தி.

அப்புறம் உப்பு. உனக்கும் சொல்லுவாங்க பாரு, அயோடின் போட்ட உப்பு கூடாது, மீனு கூடாது, முட்ட, பாலு எதுவும் கூடாதுன்னு. பழவேற்காட்டு எறாவும் நண்டும் கூடையில வாசல் வாசலா வர்ற ஊர்ல இந்தப் பேஜாரு. நான் மார்க்கெட்ல போயி, "அயோடின் இல்லாத உப்பு குடுப்பா"ன்றேன். கடக்காரன் சண்டைக்கு வரான். "எங்க உப்புல அயோடின் இல்லன்னு யாரு சொன்னது? பாக்கெட்ல போட்டுக்கீது பாரு!" இல்லப்பா, இல்லாததுதான் வேணும்ன்றேன். "எல்லாத்துலயும் கீதும்மா, தைரியமா எடுத்துக்கினு போ"ன்றான். பக்கத்துல நின்ன அம்மா வேற, நான் ஏதோ கவருமெண்டு ஆபீசரு, சோதன பண்ண வந்துக்கீறேன்னு நெனச்சி வாங்குன உப்ப திருப்பிக் குடுத்துட்டாங்க. கடசில ஆஸ்பத்திரியாண்ட மருந்துக்கடையிலதான் ஒரு பாக்கெட்டு கெடச்சுது. உனக்கு வேணும்னா மீதி கீது, போறப்போ எடுத்துக்கினு போ.

எங்க வுட்டேன்? ஆங், மறதி. அதான் இந்தக் கதையே.

மூணாவது வாரத்துல மறதி வந்துச்சு. மெய்யாலுமே வந்துச்சு, பொய் இல்ல. ஃபோன அரிசி டப்பாவுக்குள்ள வச்சிட்டு ஊடு பூரா தேடுனேன். அது அரிசிக்குள்ள அடிக்குது, நான் எலின்னு நெனச்சி டப்பாவ ஒதைக்கிறேன். பேத்தி சுகிர்தாவ செத்துப்போன எந்தங்கச்சி பேரு சொல்லிக் கூப்டேன். எல்லாத்தையும் எங்க ஊட்டுக்காரரு பாத்துக்கினே இருந்தாரு. பாவப்பட்றாருன்னு நெனச்சேன். அளவெடுத்துக்கினு இருந்துக்கீறாருடி!

அவுருக்கு முப்பது வருசமா ஒரு ஆச. புறா வளக்கணும். கும்முடிப்பூண்டில இரும்புக் கம்பெனில வேல பாத்தப்போ, வாடக ஊட்டுல, எனக்குத் தெரியாம பரண் மேல எட்டு புறாவ வச்சிருந்தாரு. பரண்லதான் எங்கல்யாணப் புடவ பொட்டியும் இருந்துச்சு. மூடி கொஞ்சம் தொறந்திருந்துச்சு. அதுக்கு மேல நான் சொல்லல, நீ சாப்பாட்டு வேளையில வந்துக்கீற. அன்னிக்கே சொல்லிட்டேன், இந்த ஊட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல புறா இருக்கணும்னு. முப்பது வருசமா நான்தான் இருந்துகினு வரேன்.

ஒரு வியாழக்கெழம மத்தியானம் தூங்கிக்கினு கீறேன். வாசல்ல குட்டியானை வண்டி வந்து நிக்குது. கண்ணத் தொறந்து பாத்தா இவுரும் மீஞ்சூர் மோகன்ராஜும் பீரோ மாதிரி ஒண்ணத் தூக்கிக்கினு மாடிப்படில ஏறுறாங்க.

"இன்னாய்யா அது?"

"கூண்டு."

"இன்னா கூண்டு?"

"புறாக்கூண்டு."

"யாரக் கேட்டு?"

கூண்டக் கீழ வச்சாரு. பக்கத்துல வந்து உக்காந்தாரு. நோயாளியப் பாக்க வர்ற பாஸ்டர் மாதிரி எங்கையப் புடிச்சாரு.

"உன்னக் கேட்டுதான் கலா."

"என்னியா?"

"போன ஞாயித்துக்கெழம சாயங்காலம். நீ மாடிக்கு வந்த. தண்ணித் தொட்டியாண்ட நின்ன. ஷெட்டுல இந்த மூலையில வையின்னு கையக் காட்டுன. வடக்கால நல்லா காத்து வரும்னு நீதான சொன்ன?"

"நானா?"

"மறந்துட்டியா?" தலைய ஆட்டுறாரு. "பாவம். மாத்திர இல்ல."

மோகன்ராஜு கூண்டுக்குப் பின்னாலருந்து, "ஆமா யக்கா"ன்றான். புறா வித்தவன் அவன். ஞாயித்துக்கெழம நான் கையக் காட்டுனத மீஞ்சூர்ல இருந்துக்கினு எப்டிடா பாத்தன்னு கேக்க எனக்கு அப்போ தோணல.

சாயங்காலம் ஜெபா ஷிப்ட் முடிஞ்சி வந்து, "அத்த, மாடில இன்னா சத்தம்?"ன்னா.

"புறாம்மா. நான்தான் வைக்கச் சொன்னேனாம்."

"நீங்களா?"

"மறந்துட்டேனாம்மா."

அன்னிக்கு பாத்ரூமுல தண்ணியத் தொறந்து வுட்டுட்டு அழுதேன் ஷைனி. ஆபரேசனப்போகூட நான் அழுவல. கழுத்து போனா மாத்திர கீது. புத்தி போச்சுன்னா இன்னாத்த முழுங்குறது?

அவுருக்கு ருசி கண்டுபோச்சு. அடுத்த நாள்லருந்து எல்லாமே நான் சொன்னதாயிடுச்சு. மோகன்ராஜ சாப்டக் கூப்பிடச் சொன்னது நான். இன்னும் ரெண்டு ஜோடி வாங்கச் சொன்னது நான். நான் வாயில வைக்க முடியாத எறாவ ஒரு கிலோ வாங்கி வறுத்துத் தின்னச் சொன்னதும் நான்தானாம்! "என்னாலதான் முடியல, நீயாவது துன்னுய்யான்னு கண்ணு கலங்குன கலா"ன்றாரு. எறா வாலக் கடிச்சிக்கினே சொல்றாரு.

இப்டியே போயிருக்கும். மொளகாதான் என்னக் காப்பாத்துச்சு.

வருசா வருசம் கத்திரி வெயில்ல பத்து கிலோ கொழம்பு மொளகா வாங்கி, மாடில காய வச்சி, மில்லுல அரைச்சி வைப்பேன்ல? இந்தத் தபாவும் மாத்திர நிறுத்துறதுக்கு மின்ன வாங்கிட்டேன். அன்னிக்கு மாடிப்படியாண்ட ஸ்டூலு போட்டு உக்காந்துகினு கீறேன். படிக்கட்டுக்கு அடில மொளகா மூட்ட. கட்டுன கயிறு அவுக்கல. சுத்தி செலந்தி கூடு கட்டிக்கீது. இன்னும் ஏன் காய வைக்கல? மாடி ஏற முடியல, அதான் காய வைக்கல. மூணாவது படில முட்டி கல்லு மாதிரி ஆயி, மூச்சு வாங்கி எறங்கிட்டேன். அது ரெண்டாவது வாரம். அதுக்கப்புறம் படியையே தொடல.

மூட்டயப் பாக்குறேன். படியப் பாக்குறேன். தண்ணித் தொட்டி மாடில கீது. நான் எப்டிறா தண்ணித் தொட்டியாண்ட நின்னேன்?

ஜெபாவக் கேட்டேன். "நான் மாடி ஏறி எத்தினி நாளு ஆவுது?"

"ரெண்டு வாரத்துக்கு மேல ஆவுதத்த. துணி கூட நான்தான காயப் போட்றேன்."

சிரிப்பு வந்துச்சு. முட்டி வலிக்குது, மூஞ்சி வீங்கிக் கெடக்குது, நான் மூட்டயக் கட்டிப் புடிச்சிக்கினு சிரிக்கிறேன். புத்தி போவலடி! எங்கேயும் போவல!

போயி கேட்டியான்ற. கேட்டா இன்னா சொல்லுவாரு? மாடிக்கு வந்ததையும் மறந்துட்டியான்னுவாரு. ஸ்கேனு வரைக்கும் பொறுத்துக்கினேன். நாலு நாளு. அவுரு எறா துன்னாரு, நான் பாத்துக்கினு இருந்தேன்.

ஸ்கேனுக்கு மின்ன ஆஸ்பத்திரில ஒரு கதிர்வீச்சு மாத்திர முழுங்கச் சொல்லுவாங்க. அது முழுங்குனா ரெண்டு நாளு சின்னக் கொயந்தைங்களோட ஒட்டிக்கினு இருக்கக் கூடாதுன்னாரு டாக்டரு. ஊட்டுக்கு வந்தேன். சுகிர்தாவ ஜெபா தன் ரூமுல வச்சி கதவ சாத்திட்டு வந்து பாத்திரம் கழுவுறா. இவுரு கேட்டாரு.

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"ரெண்டு நாளு தனியா இருக்கணுமாம்."

"உள் ரூமுல இரு."

"கொயந்த ஓடியாந்துடும். நான் மாடி ஷெட்டுல பட்துக்குறேன். கூண்ட எடுத்துட்டு கட்டிலப் போடுய்யா."

"கூண்டையா? அதுல முட்ட கீது!"

"முட்டயோட எடு."

"தகர ஷெட்டு, வெந்துடுவ கலா."

"எனக்குத்தான் குளுருதே."

தலையச் சொறியிறாரு. அப்டி ஒரு நட நடக்குறாரு, இப்டி ஒரு நட நடக்குறாரு. திடீர்னு மூஞ்சில வெளிச்சம். "அட, மொதல்ல உன்னால மாடி ஏற முடியுமா? மூணாவது படிலயே உக்காந்துடுவ. இந்த மாசம் பூரா ஒரு தபாவாவது ஏறுனியா நீ?"

ஜெபா கொழாய மூடுனா.

"ஏறலியா?"ன்னேன்.

"எங்க ஏறுன?"

"ஒரு தபா கூட?"

"ஒரு தபா கூட இல்ல. நான்தான் கூடவே இருந்து பாத்துக்கினு கீறேனே!"

"அப்போ ஞாயித்துக்கெழம தண்ணித் தொட்டியாண்ட நின்னு கையக் காட்டுனது யாருய்யா?"

மேல புறாங்க குர்ர் குர்ர்ன்னுதுங்க.  அவுரு கடியாரத்தப் பாத்தாரு. செவுத்துல இருந்த ஏசு படத்தப் பாத்தாரு. அங்கயும் ஒதவி கெடைக்கல.

"அதான மாமா," ஜெபா கையத் தொடச்சிக்கினே கேக்குறா. "யாரு அது?"

மெதுவா சொன்னாரு. "நான்... மறந்துட்டேன் போலக்கீது."

"நீ எப்போய்யா மாத்திர நிறுத்துன?"

அவ்ளோதான்.   டாக்டரு ஒதுங்கி இருக்கச் சொன்னது என்னிய. ஒதுங்கிப் போயி ரெண்டு நாளு தகர ஷெட்டுல பட்துக்கினது அவுரு. மூணாவது நாளு மோகன்ராஜு வந்து புறாங்கள முட்டயோட ஏத்திக்கினு போனான். போறப்போ, "நீங்கதான வாங்கிக்கினு போவச் சொன்னீங்க யக்கா?"ன்னான். "ஆமாண்டா, இது நான் சொன்னதுதான்"ன்னேன்.

ரிப்போர்ட்டு வந்துச்சு. கழுத்துல ஒண்ணும் இல்ல, சுத்தமா கீதுன்னாரு டாக்டரு. அன்னிக்கே மாத்திர ஆரம்பிச்சிட்டேன். பத்து நாள்ல ஸ்வெட்டரக் கழட்டிட்டேன். இவுரு பயந்துக்கினே ஃபேன மூணுல வச்சாரு, நான் ஒண்ணும் சொல்லல.

உனக்கு நான் சொல்றது ஒண்ணுதான். மாத்திர நிறுத்துற அன்னிக்கு காலண்டர ஆணியோட கழட்டி தலமாட்டுல வச்சிக்க. நீ இன்னா சொன்னியோ அத எழுதி வையி. உன் ஊட்டுக்காரன் பென்னி நல்லவன்தான். சாலமோனும் நல்லவருதான்டி, அதத்தான நீயும் சொன்ன?

கூண்டா? கூண்ட மோகன்ராஜு திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டான். சும்மா சொல்லக் கூடாது, நல்ல கூண்டு. நாலு பக்கமும் வல, காத்து வருது, காக்கா கொத்தாது. வடக்கால வச்சது நல்ல யோசனதான், யாரு சொல்லியிருந்தாலும். மாத்திர இல்லாம கம்மிப்போன கொரல் கூட சரியாயிடுச்சு, இப்போ கூப்ட்டா மாடி வரைக்கும் கேக்குது.

ஐயையோ, தூத்தல் போடுது பாரு. இன்னாய்யா, எங்க கீற? தூத்தலுய்யா! கூண்டுல மொளகா காயுது, ஓடிப்போயி அள்ளிக்கினு உள்ள கொண்டா!