ரவுட்டருக்கு இடமாறுதல் இல்லை

ஒரு வீட்டுக்குள் வரும் இணையம் அந்த வீட்டின் எல்லா அறைகளுக்கும் பாரபட்சமின்றிப் போய்ச் சேர வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. கண்காணிப்பாளருக்கும் இல்லை. அவர் ஒரு பெரிய அலுவலகத்தில் இடமாறுதல் பிரிவைக் கட்டிக் காத்து வருபவர். இடமாறுதல் கேட்டு வருகிறவர்களுக்கு அது ஏன் கிடைக்காது என்று விளக்குவதுதான் அவர் வேலை. அவ்வளவு மரியாதையாக விளக்குவார் என்பதால் பலர் நன்றி சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

அவர் மனைவி மொழிபெயர்ப்பாளர். வருஷக்கணக்கில் துண்டு துக்கடா வேலைகளாகவே செய்து வந்தவருக்கு, ஒரு பெரிய மொழிபெயர்ப்பு நிறுவனத்திலிருந்து, வீட்டிலிருந்தே செய்யும் நிரந்தர வேலைக்கு அழைப்பு வந்திருந்தது. வெள்ளிக்கிழமை நேர்காணல், லேப்டாப் வழியாக, முகம் பார்த்து. ஆனால் அவர் வேலை செய்யும் பின்னறையில் சிக்னல் ஒரு கோடு வரும். மனசு வந்தால் இரண்டு. ஒத்திகைக்காக ஒரு தோழியைக் கூப்பிட்டபோது, தோழி திரையில் பாதிக் கொட்டாவியோடு உறைந்துபோய் சாப்பாட்டு நேரம் வரை அப்படியே இருந்தாள்.

காரணம் ஒன்றும் மர்மமில்லை. ரவுட்டர் கூடத்தில் ஆளுயரமான ஒரு சாம்பல் நிற இரும்பு அலமாரிக்குள் இருந்தது. அங்கே வைத்தது மனைவியின் தம்பி. வீடுகளை உள்ளலங்காரம் செய்வது அவன் தொழில் என்பதால் குடும்பத்தில் அவனுக்கு ‘டிசைனர்’ என்றே பெயர். வயர் வெளியே தெரிந்தால் அது வீடில்லை, ரிப்பேர் கடை என்பது அவன் கொள்கை. அலமாரிக் கதவு முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. திறந்து விட்டால் சத்தமே இல்லாமல் தானாக மூடிக்கொள்ளும். வருகிறவர்கள் அதைப் பார்த்து வியப்பார்கள்.

“ஏங்க, அந்த ரவுட்டர எடுத்து மேஜை மேல வெச்சா வேலை முடிஞ்சுது” என்றார் மனைவி.

கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “இடமாறுதல் கேக்கற.”

“ரெண்டடி தள்ளி வைக்கச் சொல்றேன்.”

“ரெண்டடின்னாலும் இடமாறுதல் இடமாறுதல்தான். ரவுட்டர் மேல என்ன குத்தம்? அது பாட்டுக்கு வேலை பாக்குது. கோளாறு உன் லேப்டாப்புல தெரியுது. முதல்ல அத விசாரிக்கணும்.”

விசாரணை உடனே தொடங்கியது. லேப்டாப் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டது, அதாவது, அணைக்கப்பட்டது. கண்காணிப்பாளர் ஒரு டீ குடித்து முடித்ததும் மீண்டும் பணியமர்த்தப்பட்டது. ஒரு கோடுதான் வந்தது. “நடத்தையில முன்னேற்றம் இல்ல” என்று பதிவு செய்தார். பிறகு அதைத் தாம்பாளம் போல ஏந்திக்கொண்டு அறையின் நாலு மூலைக்கும் போனார். சார்ஜர் வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மனைவி பின்னாலேயே போனார். ஜன்னலோரம் கட்டில் மேல் ஏறி நின்றபோது மட்டும் இரண்டாவது கோடு எட்டிப் பார்த்தது.

“இங்க நின்னுக்கிட்டே பேசலாமே” என்றார்.

“வேலை கேக்கறவ கட்டில் மேல நின்னா குடுப்பாங்களா?”

அதற்கு முன்னுதாரணம் இல்லாததால் அவர் கட்டிலிலிருந்து இறங்கினார்.

மனைவி ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய் அலமாரிக் கதவு மூடாதபடி முட்டுக் கொடுத்தார். சாயங்காலம் வந்த டிசைனர் அதைப் பார்த்து உட்காராமலேயே நின்றான்.

“அக்கா, இந்த ஸ்டூல் என்ன கலர்?”

“எனக்கு வெள்ளிக்கிழமை இன்டர்வியூடா.”

“வெள்ளிக்கிழமை போயிடும் அக்கா. கூடம் இங்கதான இருக்கப்போகுது?”

ஸ்டூலை எடுத்தான். கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. மூவரும் அதை வேடிக்கை பார்த்தார்கள்.

வியாழக்கிழமை இணைய நிறுவனத்தின் டெக்னீஷியன் வந்தார். அலமாரியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, கைபேசியை ரவுட்டர் மேலேயே வைத்துப் பார்த்தார்.

“ஃபுல் சிக்னல் சார். பிரமாதமா இருக்கு.”

“பின்னறையில இல்லீங்களே” என்றார் மனைவி.

“எங்க பொறுப்பு ரவுட்டர் வரைக்கும்தான் மேடம். அதுக்கப்புறம் காத்து. காத்து எங்க டிபார்ட்மென்ட் இல்ல.”

கண்காணிப்பாளருக்கு முகம் மலர்ந்தது. இத்தனை வருஷ சர்வீஸில் அவருக்கே தோன்றாத பதில். வாசல் வரை போய்க் கைகொடுத்து வழியனுப்பினார். டெக்னீஷியன் தெருமுனையைத் தாண்டுவதற்குள் மனைவியின் கைபேசியில் செய்தி வந்தது: தங்கள் குறை தங்கள் முழுத் திருப்தியுடன் தீர்க்கப்பட்டது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது கண்காணிப்பாளர் இறுதி முடிவை அறிவித்தார். “எல்லாத்தையும் பரிசீலிச்சாச்சு. ரவுட்டர் நிரந்தரப் பணியிடத்துல இருக்கு. அத அசைக்க முடியாது. லேப்டாப்தான் நடமாடற ஜாதி. அதனால லேப்டாப் அங்க போகணும்.”

“எங்க?”

“அலமாரிக்குள்ள.”

“அப்ப நான்?”

“நீயும்தான்.”

மனைவிக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. மறுநாள் காலை நேர்காணல் என்பதால் இரண்டுக்கும் நேரமில்லை. டிசைனரே வந்து அலமாரியின் தட்டுகளைக் கழற்றினான். அக்காவுக்காக ஒரு குட்டை நாற்காலியை உள்ளே போட்டான். அதன் நிறம் பொருந்தியது.

வெள்ளிக்கிழமை அவர் உள்ளே உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டார். மூச்சு விடுவதற்காகக் கதவை ஒரு காலால் அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டார். ஐந்து கோடும் வந்தது. எதிரே மூன்று பேர். ஒரு தடங்கல் இல்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். கேட்காத இரண்டுக்கும் சொன்னார்.

நடுவில் கண்காணிப்பாளர் ஏதோ எடுக்கப் பின்னறைக்குப் போனார். அங்கே தன் கைபேசியில் சிக்னல் நிரம்பி வழிவதைப் பார்த்தார். நேர்காணல் முடிந்ததும் மனைவியிடம், “பாத்தியா, பின்னறை தானா சரியாயிடுச்சு. நீதான் அவசரப்பட்ட” என்றார்.

மனைவி கதவிலிருந்து காலை எடுத்தார். அது சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

வேலை கிடைத்தது. நியமனத்தைச் சொன்ன தலைமை அதிகாரி கடைசியாக ஒன்று கேட்டார்: “உங்க பின்னாடி ஒரு சாம்பல் சுவர் இருந்துதே, அது என்ன ஸ்டைல்? எங்க எல்லாருக்கும் பிடிச்சிருந்துது.” டிசைனரின் கைபேசி எண் கொடுக்கப்பட்டது. அந்த மாதமே அதிகாரி வீட்டில் ஓர் அலமாரி வந்தது. அதிகாரி வைத்தபின் மேலாளர்கள் வைத்தார்கள். மேலாளர்கள் வைத்தபின் வைக்காதவர்கள் வேலையில் அக்கறை இல்லாதவர்கள் ஆனார்கள். ரவுட்டரை உள்ளே வைத்துத்தான் டிசைனர் அலமாரியே விற்றான். வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்குச் சிக்னல் வரவில்லை என்று புகார் வந்தபோது, பெரிய அலமாரி செய்ய ஆரம்பித்தான்.

ஒரு நாள் கண்காணிப்பாளர், என்ன நினைத்தாரோ, தானாகவே கேட்டார்: “இப்ப வேணும்னா அந்த ரவுட்டர வெளிய வெச்சிடலாமா?”

“உள்ளயே இருக்கட்டும்ங்க” என்றார் மனைவி. “ஆபீஸ்ல எல்லாரும் இப்படித்தான் வெச்சிருக்காங்க. நான் மட்டும் பின்னறையில உக்காந்தா என்ன நினைப்பாங்க?”

அந்த வாரம் அவருக்கு வந்த வேலை, ஒரு ரவுட்டரின் பயனர் கையேட்டைத் தமிழாக்குவது. ‘கருவியைத் திறந்த வெளியில், உயரமான இடத்தில் வைக்கவும், உலோக அலமாரிக்குள் ஒருபோதும் வைக்க வேண்டாம்’ என்று தெளிவான, அழகான தமிழில் எழுதினார். நிறுவனத்தில் இருந்த அத்தனை பேரும் அதைத் தங்கள் தங்கள் அலமாரிக்குள் உட்கார்ந்து படித்துப் பார்த்தார்கள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை என்று ஒருமனதாகப் பாராட்டு வந்தது. சிக்னல் நன்றாக இருந்ததால் பாராட்டு உடனே வந்து சேர்ந்தது.